திறன்பேசியில் தொலையும் அரை மாத்திரை

எழுத்தொலியின் கால அளவை நம் இலக்கண ஆசிரியர்கள் கண்ணிமையாலும் கைந்நொடியாலும் வரையறுத்தனர். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அந்த அரை மாத்திரை எழுத்து திறன்பேசியில் எவ்வாறு தொலைகின்றது என்பதை இங்கே விளக்க முற்படுகின்றோம்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், ஈப்போவிலும் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறங்களிலும் பெற்றோரின் திறன்பேசியே பல பிள்ளைகளுக்கு வகுப்பறையாயிற்று. இன்றும் இயங்கலைப் பயிற்சிகள் பலவற்றுக்கு அதுவே கருவி. ஆதலின் இது மதிப்பெண்ணைத் தொடும் செய்தியாகும்.

விசையொன்றைத் தட்டும்போது உலாவி மூன்று நிகழ்வுகளை அறிவிக்கின்றது: விசை அழுந்தியது, எழுத்து பெட்டியுள் புகுந்தது, விசை மீண்டது. தமிழ்99 விசைமுறையில் ‘பல்’ என எழுத முற்படும் மாணவர் ப, ல, புள்ளி என மூன்று விசைகளைத் தட்டுகின்றார். விசை அழுந்திய கணத்திலேயே விடையைப் படிக்குமாறு நிரல் எழுதப்பட்டிருப்பின், இறுதிப் புள்ளி இன்னும் புகுந்திராது. ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். பெயர்ச்சொல் எண்ணுப்பொருள் தரும் சொல்லாக மாற, விடை தவறெனக் குறிக்கப்படும்.

கணினியில் எந்த விசை அழுந்தியது என்பதை உலாவி நேரே அறியும். திறன்பேசியிலோ விசைப்பலகை தனியொரு செயலி. ஆண்டிராய்டு குரோம் உலாவியில், பெரும்பாலான தட்டல்களுக்கு 229 என்னும் ஒரே எண்தான் கிடைக்கின்றது. ‘உள்ளீட்டுச் செயலி எழுத்தைக் கையாள்கின்றது’ என்பதே அதன் பொருள். விசையெண்ணை நம்பிய நிரல் அங்கே தடுமாறும்.

சில விசைப்பலகைகள் சொல்லை அடிக்கோடிட்டு, அது முடியும்வரை ‘உருவாக்க நிலையில்’ வைத்திருக்கும். சொல் முடிந்தது என்ற அறிவிப்புக்குக் காத்திருக்கும் தேர்வுப் பக்கம், நேரம் தீர்ந்ததும் தானே விடையைப் பெற்றுக்கொண்டால் கடைசிச் சொல் விடுபடக்கூடும். எழுத்தை நேரடியாக இடும் விசைப்பலகையில் இவ்விடர் இல்லை. ஆகவே, ஒரே பக்கம் ஒருவருக்குச் சரியாகவும் மற்றவருக்குப் பிழையாகவும் நடந்துகொள்கின்றது.

நிகழ்வுகளின் வரிசையும் உலாவிக்கு உலாவி வேறுபடும். சொல்லை முடிக்க நுழைவு விசையைத் தட்டினால், குரோம் முதலில் விசையையும் பின்னர்ச் சொல்முடிவையும் அறிவிக்கும். சஃபாரி இவ்வரிசையை மாற்றி அறிவிக்கும். அதனால் சொல்லை முடிக்கத் தட்டியதையே விடையை அனுப்பத் தட்டியதாக நிரல் கொள்ள நேரும். இது ஜப்பானிய மொழியில் தட்டச்சு செய்வோர் நன்கறிந்த தொல்லை.

இத்தகைய வேறுபாடுகள் நீங்கா என்பதில்லை. இருமுறை தட்டிப் பெரிதாக்கும் வசதிக்காகத் திறன்பேசி உலாவிகள் ஒவ்வொரு தட்டலுக்குப் பின்னும் ஏறத்தாழ 300 மில்லிநொடி காத்திருந்தன. திறன்பேசிக்கென வடிவமைத்த பக்கங்களில் அக்காத்திருப்பைக் குரோம் 2014இலும் சஃபாரி 2016இலும் கைவிட்டன.

நிரலர் விசையைப் பாராது, எழுத்து புகுந்தபின் பெட்டியில் உள்ள உரையைப் படித்தல் வேண்டும். நேரம் தீரும்போதும் அப்பெட்டியையே படித்தல் வேண்டும். தேர்வை அமைக்கும் ஆசிரியர், மெய்யில் முடியும் சில விடைகளை ஆண்டிராய்டிலும் ஐபோனிலும் தட்டிப் பார்த்தல் நலம். ‘பல’ என்று வந்த விடையைக் கண்டால், மாணவரின் மொழியறிவை ஐயுறுமுன் அவர் எழுதிய கருவியையும் வினவுவோமாக.