ஊரடங்கில் ஏறிய எடை: யாருக்கு எவ்வளவு சுமை?

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அலுவலகம் செல்வோரின் நடையும் மாடிப்படி ஏற்றமும் ஒரே நாளில் நின்றுபோயின. உணவின் அளவோ குறையவில்லை. மனக்கவலையும் மாறிய உறக்க நேரமும் பலரை நொறுக்குத் தீனியின் பக்கம் திருப்பின. விளைவாகப் பலருக்கும் எடை கூடியது.

ஆனால், எல்லோருக்கும் ஒரே அளவில் கூடவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2021 பிப்ரவரியில் நடத்திய கருத்தாய்வில், வயதுவந்தோரில் 42 சதவீதத்தினர் தாங்கள் விரும்பாத அளவுக்கு எடை கூடியதாகக் கூறினர். அவர்களுக்குக் கூடிய எடையின் சராசரி சுமார் 13 கிலோ. ஆயினும், அவர்களுள் பாதிப்பேருக்கு ஏறியது ஏறத்தாழ 7 கிலோவுக்குள்தான். சிலருக்கு மிக அதிகமாக ஏறியதே சராசரியை உயர்த்தியது.

உடலின் அளவுக்கும் இதில் பங்குண்டு. ஒரே தொலைவை நடந்தாலும், 60 கிலோ எடையுள்ளவரைவிட 90 கிலோ எடையுள்ளவர் அதிகக் கலோரியைச் செலவிடுகிறார். நடை நின்றபோது அவருக்கு மிஞ்சிய கலோரியும் அதிகம்.

மெலிந்தவர்களுக்குக் கவலையில்லையா?

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை குறியீட்டெண் கிடைக்கும். 165 செ.மீ. உயரமும் 61 கிலோ எடையும் உடையவருக்கு அது 22.4. நான்கு கிலோ கூடினால் 23.9. இந்தியர்களுக்கு 23-ஐ எட்டினாலே அதிக எடை. 25-ஐ எட்டினால் உடற்பருமன். தெற்காசியர் உடலில் வயிற்றுக் கொழுப்பு மிகுதியாகச் சேர்வதும், நீரிழிவு நோய் குறைந்த எடையிலேயே தோன்றுவதும் இதற்குக் காரணங்கள். பார்வைக்கு ஒல்லியாகத் தோன்றுபவரும் இவ்வாறு எல்லையைக் கடந்திருக்கக்கூடும். அதே உயரத்தில் 85 கிலோ எடையுள்ளவருக்கோ குறியீட்டெண் ஏற்கெனவே 31. கூடிய நான்கு கிலோ அவருடைய மூட்டுகளுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மேலும் சுமையாகும்.

செய்ய வேண்டியவை

• இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற எல்லையைத் தாண்டியிருந்தால் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

• வாரத்துக்கு 150 நிமிடங்களாவது விரைந்து நடங்கள்.

• பட்டினி கிடக்க வேண்டாம். எடை மிகுந்தவர்கள் உடல் எடையில் 5 சதவீதத்தைப் படிப்படியாகக் குறைத்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சீரடையத் தொடங்கும். 85 கிலோ எடையுள்ளவருக்கு அது நான்கேகால் கிலோ மட்டுமே.