மீட்டரில் 16 வோல்ட், பெட்டியில் இருட்டு

1950களில் அமெரிக்காவில் விற்ற லயோனல் பொம்மை ரயில்கள் இன்றும் பழம்பொருள் ஏலங்களில் கைமாறுகின்றன. அப்படியொரு பயணிகள் பெட்டியை வாங்கிய வாசகர் கேட்கிறார்: “பல்ப் நல்லது, ஒயரும் அறுபடவில்லை. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டர் வைத்தால் 16 வோல்ட் காட்டுகிறது. பல்பைப் போட்டால் எரிவதில்லை. மீட்டர் பொய் சொல்கிறதா?”

மீட்டர் சொல்வது உண்மைதான். மின்சாரம் ஓடாமல் நிற்கும்போது உள்ள உண்மை.

இந்த ரயிலுக்கு மூன்று தண்டவாளங்கள். பெட்டியின் அடியிலுள்ள உருளை நடுத் தண்டவாளத்தைத் தொட்டு மின்சாரத்தை எடுக்கிறது. பல்ப் வரைக்கும் ஒயர் உண்டு. திரும்பிப் போகப் பெரும்பாலும் ஒயரே கிடையாது. உலோகச் சட்டம், சக்கரங்களைத் தாங்கும் போகியைப் பிடித்திருக்கும் ரிவெட், அச்சு, சக்கரம் என்று கைமாறி வெளித் தண்டவாளத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நமக்கு அந்த ரிவெட்தான் முக்கியம்.

இரண்டு உலோகங்கள் அழுந்தியிருந்தாலும் முழுப் பரப்பும் தொடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத சில மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. அந்த மேடுகளில் துருவும் காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் தடை எக்கச்சக்கமாக ஏறும். 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை வழக்கமாக ஒரு கோடி ஓம். அதன் எதிரே ஆயிரம் தூசு. 16 வோல்ட்டும் மீட்டருக்கே வந்துவிடுகிறது. எரியும்போது 150 ஓம் உள்ள பல்ப், குளிர்ந்திருக்கும்போது ஏறக்குறைய 15 ஓம்தான். ஆயிரத்தோடு பங்கு போட்டால் அதற்குக் கிடைப்பது கால் வோல்ட்.

உப்பு அடைத்த தண்ணீர்க் குழாயும் இப்படித்தான். குழாயை மூடியிருந்தால் மாடித் தொட்டியின் முழு அழுத்தமும் கீழே தெரியும், திறந்தால் சொட்டும். குளிர்ந்த பல்ப் முழுக்கத் திறந்த குழாய். சூடேறி ‘பாதி மூடிக்கொண்டால்’ அதற்கும் அழுத்தம் நிற்கும்; சொட்டுகிற தண்ணீரில் சூடேறுவது எப்படி? பல்பை மாற்றுவது, அடைப்பை விட்டுவிட்டுக் குழாய்த் திருகை மாற்றுவது போல. பெட்டி ஓடும்போது விளக்கு மினுக்குவதும் இதனால்தான்: ஒவ்வொரு குலுக்கலிலும் உப்புக் கட்டி சற்றே நகர்ந்து வழிவிடுகிறது, மறுபடி அடைக்கிறது.

இதில் என்னை மயக்குவது, குற்றவாளி தானே வோல்ட்டைச் சுமந்துகொண்டு நிற்பதுதான். பல்பைப் போட்டு, மின்சாரத்தை விட்டபடியே, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் தொட்டுப் பாருங்கள்: தண்டவாளத்துக்கும் உருளைக்கும் இடையே, சட்டத்துக்கும் போகிக்கும் இடையே, அச்சுக்கும் சக்கரத்துக்கும் இடையே. நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட பூஜ்யம். எங்கே பதினைந்து வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதோ, பல்பின் பங்கை விழுங்குவது அந்த இடம்.

எல்இடிக்கு மாற்றினால் எல்லாக் கோளாறும் தீரும் என்கிற விளம்பரங்களை நம்ப வேண்டாம். சில மில்லியாம்பியரே கேட்கும் எல்இடி, கெட்ட இணைப்பு வழியாகவும் எரியக்கூடும். இணைப்பு கெட்டபடியே இருக்கும். அதைச் சுத்தம் செய்ய ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பென்சில் ரப்பரும் பெரும்பாலும் போதும். ரிவெட் தளர்ந்திருந்தால், போகியிலிருந்து சட்டத்துக்கு மெல்லிய, வளைந்துகொடுக்கும் ஒயர் ஒன்றைப் பற்றவைக்கலாம். இரும்புக் கம்பளி வேண்டவே வேண்டாம். அதன் துகள்களை எஞ்சினின் மோட்டார் காந்தம் இழுத்துக்கொள்ளும். பெட்டியோடு டிரான்ஸ்பார்மரும் வந்திருந்தால், அது 120 வோல்ட்டுக்கானது. நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகாதீர்கள். அதன் பிளக் ஒயரில் ரப்பர் உதிர்ந்திருந்தால், 120 வோல்ட்டிலும் செருகாதீர்கள்.