நாட்டுத் துப்பாக்கி

நாட்டுத் துப்பாக்கி என்பது வெடிமருந்தையும் ஈயக் குண்டுகளையும் குழலின் வாய் வழியாக இட்டுச் சுடும், உள்ளே வரியில்லாத குழல் கொண்ட எளிய துப்பாக்கி ஆகும். தமிழ்நாட்டின் வனப்பகுதியை ஒட்டிய சிற்றூர்களில் பயிர்க் காவலுக்கும் திருட்டு வேட்டைக்கும் இது பயன்பட்டு வந்துள்ளது. கருநாடக எல்லையை ஒட்டிய கிருட்டிணகிரி மாவட்டத்தின் ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி பகுதிகள் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. உரிமம் இன்றிச் செய்யப்பட்டு வைத்திருக்கப்படுபவை பேச்சு வழக்கில் கள்ளத் துப்பாக்கி எனப்படுகின்றன.

அமைப்பும் செயற்பாடும்

முதலில் கரிமருந்தும், அதன் மேல் அடைப்பும், பின்னர் பால்ரஸ் எனப்படும் ஈயக் குண்டுகளும் குழலினுள் ஒரு கம்பியால் இடிக்கப்படுகின்றன. குதிரை விழும்போது சிறு வெடிமூடி தீப்பொறியை உண்டாக்கி மருந்தைப் பற்ற வைக்கிறது. ஒரு முறை சுட்ட பின் இவ்வனைத்தையும் மீண்டும் செய்ய வேண்டும்.

பம்ப் ஆக்சன் துப்பாக்கி இதனின்று வேறுபட்டது. இதில் குழலுக்குக் கீழே உள்ள மற்றொரு குழாயில் தோட்டாக்கள் வரிசையாக இருக்கும். முன்கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியேறும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்தது அறைக்குள் செல்லும். ஐக்கிய அமெரிக்காவில் ரெமிங்டன் 870, 1961இல் அறிமுகமான மாஸ்பெர்க் 500 ஆகியவை குறைந்த விலை வேட்டைத் துப்பாக்கிகளாகப் பரவலாக அறியப்பட்டவை. இவற்றில் பெரும்பாலானவை 12 போர் அளவின. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அவ்வளவே குழலின் விட்டம். இது ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர்.

வரலாறு

பிரித்தானியர் ஆட்சியில் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி வைத்திருப்பதை உரிமத்துக்கு உட்படுத்தியது. வேட்டை அக்காலத்தில் பொழுதுபோக்காகவும் கருதப்பட்டது. பெங்களூரைச் சேர்ந்த எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974) சவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளில் தாம் ஆட்கொல்லி விலங்குகளைத் தேடியலைந்ததை நூல்களாக எழுதியுள்ளார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வுரிமங்களை நீக்கியது.

சட்ட நிலை

துப்பாக்கி உரிமமும் வேட்டையாடும் உரிமையும் ஒன்றல்ல. முன்னது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழும், பின்னது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் வருகின்றன.

ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புத் தேவைக்கு வாய்வழி ஏற்றும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வழி செய்கிறது. அது போதாது என உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், வரியில்லாக் குழல் கொண்ட வேறு துப்பாக்கியை அனுமதிக்கலாம். எனவே ஓர் உழவர் பம்ப் ஆக்சன் துப்பாக்கியை விரும்பினாலும் விலையை மட்டும் பார்த்துத் தெரிவு செய்ய இயலாது. காவல்துறை அறிக்கை பெறப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் கோருகின்றன. உரிமத்தில் குறிக்கப்பட்ட எல்லைக்குள் மட்டுமே அது செல்லும். தமிழ்நாட்டுக்கு மட்டும் வழங்கப்பட்ட உரிமத்துடன் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குத் துப்பாக்கியைக் கொண்டு செல்வதும் குற்றமாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமமற்ற ஆயுதங்களுக்கான தண்டனைகளைக் கடுமையாக்கியது.

உரிமம் உள்ள துப்பாக்கியானாலும் காட்டு விலங்கைச் சுடுவதற்குத் தனி அனுமதி தேவை. பயிருக்குக் கேடு விளைவிக்கும் சில விலங்குகளைக் கொல்ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின் கீழ் ஆணை பெற வேண்டும். உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்யப்படுவது மட்டும் இதற்கு விலக்கு. அவ்வாறு கொல்லப்படும் விலங்கும் அரசின் உடைமையாகும்.

காட்டுப் பன்றிச் சிக்கலுக்கு 2025இல் தமிழ்நாடு அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது; 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும்; 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். உழவர் தாமே சுடுவதற்கு இது இடமளிக்கவில்லை.

பாதிப்புகள்

முறையான தொழிற்சாலையில் குழலின் அழுத்தத் தாங்குதிறன் சோதிக்கப்படுகிறது. பட்டறையில் கிடைத்த குழாயில் செய்யப்படும் துப்பாக்கிக்கு அச்சோதனை இல்லை. மருந்தின் அளவு கூடினால் குழல் வெடித்துச் சுடுபவரின் கையும் கண்ணும் பாதிக்கப்படலாம். இருளில் அசைவைப் பார்த்துச் சுடுவதால் உடன் சென்றவரே இறக்கவும் நேரிடும்.

யானை போன்ற பெரிய விலங்கைப் பால்ரஸ் குண்டு கொல்வதில்லை, காயப்படுத்துகிறது. சீழ் பிடித்த காயத்துடன் திரியும் யானை பிறகு எதிர்ப்படும் மனிதருக்கு மேலும் ஆபத்தானதாகிறது. கேழ்வரகு விளையும் பருவத்தில் பன்னேருகட்டா காடுகளிலிருந்து யானைகள் ஓசூர்ப் பகுதிக்கு வருவதால் இது இவ்வட்டாரத்தில் முதன்மையான சிக்கலாகும். இக்காடுகளில் 2014இல் காவிரி வடக்குக் காட்டுயிர்ப் புகலிடமும், 2022இல் காவிரி தெற்குக் காட்டுயிர்ப் புகலிடமும் அறிவிக்கப்பட்டன.

ஒப்படைப்பும் மாற்று வழிகளும்

குறித்த நாளுக்குள் தாமாக ஒப்படைப்போர் மீது வழக்குப் பதியப்படாது என அறிவித்து, வனத்துறையும் காவல்துறையும் இம்மாவட்டச் சிற்றூர்களில் நாட்டுத் துப்பாக்கிகளைப் பெற்றுள்ளன. துப்பாக்கியைக் கைவிடும் உழவருக்குப் பயிரைக் காக்க வேறு வழி தேவைப்படுகிறது. சூரிய ஆற்றல் வேலி, அகழி, இரவுக் காவல், அரசின் பயிர் இழப்பீடு ஆகியன அவ்வழிகளாகும். சூரிய வேலியில் விட்டுவிட்டுப் பாயும் குறுகிய மின்துடிப்பு விலங்கை விரட்டுமே அன்றிக் கொல்லாது. மின்கம்பியிலிருந்து நேரடியாக இணைக்கப்படும் வேலி இதற்கு மாறானது. 2023 மார்ச்சு மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அத்தகைய வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன.