நோயாளிக்கு எந்த சீட்?

வயதான பெற்றோரை வெளிநாட்டுக்கு அழைத்துக்கொள்ளும் பிள்ளைகள் டிக்கெட் போடும்போதே மறக்காமல் செய்துவிடும் ஏற்பாடு வீல்சேர். விமான நிலைய வாசலில் ஏற்றிக்கொண்டு, குடியேற்றப் பிரிவு, பாதுகாப்புச் சோதனை என்று எல்லா வரிசைகளையும் தாண்டி, விமானத்தின் கதவுவரை அது கொண்டுபோய் விடுகிறது. கதவோடு அதன் வேலை முடிந்துவிடும். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட அம்மா அதன்பிறகு 10 மணி நேரமோ 14 மணி நேரமோ உட்காரப்போவது மூன்று சீட்டுகளின் நடுவிலா, ஓரத்திலா என்று பெரும்பாலான வீடுகளில் கேட்பதில்லை. கேட்கிறவர்களுக்கும் அதற்குத் தனிக் கட்டணம் என்ற பதில்தான் வருகிறது. முன்வரிசைக்கு ஒரு விலை, காலை நீட்ட இடமுள்ள வரிசைக்கு ஒரு விலை, ஓரத்துக்கு ஒரு விலை என்று சீட்டுகள் தனிச் சரக்காகிவிட்ட காலம் இது. உடம்பு முடியாதவருக்கு ஒரு குறிப்பிட்ட சீட் இல்லாமல் ஆகாது என்றால், அதையும் அவர் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா? கூடாது என்கிறேன். அவர் வாங்கிய டிக்கெட்டின் வகுப்புக்குள்ளேயே, கூடுதல் கட்டணமில்லாமல் அந்த சீட்டைக் கொடுப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. கேட்கிறவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. "வசதியான சீட் கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், தன் உடம்பால் எது முடியவில்லை, அதற்கு எந்த சீட் வேண்டும் என்று அவர் சொல்லியாக வேண்டும்.

உட்கார்ந்தே இருப்பதன் விலை

அசையாமல் உட்கார்ந்திருப்பது ஆளைக் கொல்லும் என்பதை மருத்துவ உலகம் விமானத்தில் கண்டுபிடிக்கவில்லை. 1940-ல் லண்டன்மீது ஜெர்மானியர் குண்டு வீசியபோது மக்கள் இரவு முழுவதும் பதுங்கிடங்களில் கித்தான் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தே கழித்தார்கள். அந்த மாதங்களில் நுரையீரல் ரத்தநாள அடைப்பால் நேர்ந்த சாவுகள் முந்தைய ஆண்டைவிட ஆறு மடங்கு கூடியதை, தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் 'லான்செட்' இதழில் எழுதினார். நாற்காலியின் முன்பக்கக் கட்டை தொடையின் அடிப்பகுதியை அழுத்தியதால் காலில் ரத்தம் தேங்கி உறைந்தது என்பது அவர் முடிவு. நாற்காலிக்குப் பதில் படுக்கை போடச் சொன்னார். 14 ஆண்டுகள் கழித்து, 1954-ல், ஜான் ஹோமன்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் நீண்ட பயணங்களில் உட்கார்ந்தே வந்தவர்களின் கால்களில் இதே ரத்தக்கட்டைக் கண்டு எழுதினார். அவர் விவரித்தவர்களில் விமானப் பயணியும் உண்டு.

இதன் காரணம் எளிது. காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏற வேண்டுமானால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து அதை அழுத்தித் தள்ள வேண்டும். நடக்கும்போது அது தானாக நடக்கிறது. முழங்காலை மடக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் அந்தத் தள்ளல் நின்றுபோகிறது, முழங்கால் மடிப்பில் சிரையும் நெரிபடுகிறது. ஆழ்சிரையில் உறையும் ரத்தக்கட்டு உடைந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை, 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த ஆபத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகிறது என்று சொன்னது. விமானத்துக்கு மட்டுமல்ல, ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் காருக்கும் அது பொருந்தும். ஆரோக்கியமானவர்களிடையே இது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு நேர்கிறது என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. ஆகவே எல்லாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அண்மையில் அறுவை செய்துகொண்டவர், புற்றுநோய் உள்ளவர், ஏற்கெனவே ரத்தக்கட்டு வந்தவர், கர்ப்பிணி, கருத்தடை மாத்திரை எடுப்பவர், மிகுந்த உடற்பருமன் உள்ளவர் ஆகியோருக்குக் கணக்கு வேறு. மிக உயரமானவர்களுக்கும், இருக்கையில் கால் தரையில் ஊன்றாத அளவு குள்ளமானவர்களுக்கும்கூட ஆபத்து கூடுவதை நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. ஒரே அளவில் செய்த நாற்காலி எல்லா உடம்புக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

இந்த இடத்தில் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ரத்தக்கட்டுக்கு 'எகானமி வகுப்பு நோய்' என்று ஒரு பெயர் பரவிவிட்டது. ஆனால் மலிவு சீட்டில் உட்கார்வதே காரணம், விலை கூடிய வகுப்பில் உட்கார்ந்தால் வராது என்று காட்ட உறுதியான சான்று இல்லை என்று அமெரிக்க நெஞ்சக மருத்துவர் கல்லூரி 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாக எழுதியது. வேறுபாடு தெரிவது ஜன்னலோரத்துக்கும் நடைபாதை ஓரத்துக்கும் இடையில்தான். ஜன்னலோரம் இருப்பவர் பக்கத்தில் தூங்குகிற இரண்டு பேரை எழுப்பத் தயங்கி எழுந்திருக்காமலே இருந்துவிடுகிறார். அந்தத் தயக்கம் உடம்புக்குக் கேடு. ஆபத்து கூடியவர்கள் நடைபாதை ஓர சீட்டில் உட்கார வேண்டும், அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும், முழங்காலுக்குக் கீழ் அழுத்தக் காலுறை அணிய வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. காலுறைக்கு நல்ல சான்று இருக்கிறது: காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் 2,600-க்கும் மேற்பட்ட பயணிகளில் 50 பேருக்கு அறிகுறியற்ற ரத்தக்கட்டு தெரிந்தது, அவர்களில் காலுறை அணிந்தவர்கள் 3 பேர் மட்டுமே. பயணத்துக்காகத் தாமாக ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை அந்த வழிகாட்டுதல் ஆதரிக்கவில்லை.

இந்தச் சான்றுகள் என் வாதத்துக்கு வலுவே சேர்க்கின்றன. நோயாளி கேட்பது மெத்தையோ, முதல் வகுப்போ அல்ல. அவர் வாங்கிய வகுப்பிலேயே, அவருக்குப் பயன்படும் ஓர் இடம். விமானத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது.

கால் நீட்ட இடம் என்ற பொறி

கால் வலி என்றதும் டிராவல் ஏஜென்ட் சொல்லும் இரண்டு இடங்கள் உண்டு: அவசர வழி வரிசை, தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள முன்வரிசை. அவசர வழி வரிசையில் உட்கார்பவர் ஆபத்து நேரத்தில் கனமான கதவைத் திறந்து மற்றவர்களுக்கு வழிவிட வேண்டியவர். நடக்கச் சிரமப்படுபவரை விமான ஊழியர்கள் அங்கே உட்கார வைக்க மாட்டார்கள், உட்கார வைக்கவும் கூடாது. பணம் கட்டிய பிறகு விமானத்துக்குள் எழுப்பி வேறிடம் அனுப்புவார்கள். தடுப்புச் சுவர் வரிசையில் எதிரே சீட் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பல விமானங்களில் சுவர் அருகிலேயே இருக்கும், காலை முழுதாக நீட்ட முடியாது. சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடியை உயர்த்தவும் முடியாது. இடுப்பு அகலமானவருக்கோ, சக்கர நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து உட்கார வேண்டியவருக்கோ அது மோசமான சீட். கைப்பையையும் கையெட்டும் தூரத்தில் காலடியில் வைக்க விடமாட்டார்கள், மருந்து அதற்குள் இருந்தாலும்.

முழங்கால் மடங்காதவருக்கு வேண்டியது எந்தப் பக்கத்து ஓரம் என்பதுதான் முக்கியம். மூன்றும் மூன்றுமாக ஆறு சீட் உள்ள விமானத்தில் சி சீட்டுக்கு நடைபாதை வலப்புறம், டி சீட்டுக்கு இடப்புறம். வலது கால் மடங்காதவர் சி-யில் உட்கார்ந்தால்தான் அந்தக் காலை நடைபாதைப் பக்கம் நீட்ட முடியும். டி கொடுத்தால், ஓர சீட் கிடைத்தும் பயனில்லை, கால் பக்கத்துப் பயணியின் முழங்காலில் போய் இடிக்கும். தள்ளுவண்டி வரும்போதும், விமானம் ஏறி இறங்கும்போதும் காலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கும் முடியாதவர் என்றால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முதுகுத் தண்டில் டிஸ்க் விலகியவருக்குச் சாயும் முதுகு வேண்டும். கடைசி வரிசையும், அவசர வழிக்கு முன்னால் உள்ள வரிசையும் பல விமானங்களில் சாய்வதில்லை. சிறுநீரை அடக்க முடியாதவருக்கும் குடல் அழற்சி உள்ளவருக்கும் கழிவறைக்கு அருகில் ஓர சீட் போதும், அகலம் அவர்களுக்குப் பொருட்டல்ல. கழிவறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமலே பயணம் செய்யும் பெரியவர்களைப் பற்றி எந்த மருத்துவரிடமும் கேளுங்கள், இந்த ஒரு சீட்டின் அருமை புரியும். சீட்டால் தீராத பிரச்சினைகளும் உண்டு. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். நுரையீரல் நோயோ கடுமையான இதயச் செயலிழப்போ உள்ளவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குவது முதல் வகுப்பிலும் அதே அளவுதான். அவர்கள் சீட்டைப் பற்றிப் பேசும் முன் பயணம் செய்யலாமா, ஆக்சிஜன் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

"பணம் கொடுத்து வாங்கட்டுமே"

தேவை என்றால் கூடுதல் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாமே என்பது முதல் மறுப்பு. உயரமானவரும் பணம் கட்டித்தானே கால் நீட்டும் இடத்தை வாங்குகிறார் என்பார்கள். ஆனால் அவருக்கு அது கிடைக்காவிட்டால் உடல் நோகும், மற்றபடி பயணத்தை முடித்துவிடுவார். மடங்காத கால் உள்ளவருக்குக் கிடைக்காவிட்டால் அவர் வாங்கிய டிக்கெட்டையே பயன்படுத்த முடியாது. மற்றவர்கள் ஒரே விலையில் முடிக்கும் பயணத்துக்கு நோயாளி மட்டும் இரண்டு விலை கொடுக்க வேண்டும் என்றால், அது நோய்க்குப் போடும் வரி. அமெரிக்காவில் 1986-ல் வந்த விமானப் பயண அணுகல் சட்டத்தின் விதிகள் இந்த வேறுபாட்டை அழகாகப் பிடித்திருக்கின்றன. மடங்காத, அசைக்க முடியாத கால் உள்ளவருக்கு, அந்தக் காலுக்கு ஏற்ற பக்கத்தில், கூடுதல் இடமுள்ள சீட்டை நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அவர் வாங்காத உயர் வகுப்பில் இடம் தர வேண்டியதில்லை. இரு தரப்புக்கும் நியாயமான எல்லை இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதியும், பாதுகாப்புக்கும் காலியிடத்துக்கும் உட்பட்டு, தேவைக்கேற்ற சீட் கொடுக்க நிறுவனங்கள் எல்லா நியாயமான முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது.

இரண்டாவது மறுப்பு செலவைப் பற்றியது. இதற்குக் கனடா நல்ல விடை வைத்திருக்கிறது. உடல்நிலை காரணமாக உதவியாளருடன் போக வேண்டியவருக்கும், பருமனால் ஒரு சீட்டில் அமர முடியாதவருக்கும் உள்நாட்டுப் பயணத்தில் கூடுதல் சீட்டுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று அந்நாட்டுப் போக்குவரத்து ஆணையம் 2008-ல் உத்தரவிட்டது. இது தாங்க முடியாத சுமை என்று நிறுவனங்கள் வாதாடின. ஆணையம் கணக்குப் போட்டது: ஒரு பெரிய நிறுவனத்துக்கு டிக்கெட்டுக்குச் சுமார் 77 சென்ட், இன்னொன்றுக்கு 44 சென்ட். ஒரு டாலர்கூட இல்லை. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம்வரை போயும் மேல்முறையீட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை. இரண்டாவது சீட்டையே இலவசமாகக் கொடுப்பதற்கு ஆகும் செலவு இது. நடு சீட்டுக்குப் பதில் ஓர சீட் கொடுப்பதால் எந்த நிறுவனமும் நொடித்துப்போகாது.

மூன்றாவது மறுப்பைத் தள்ளிவிட முடியாது. இலவசம் என்றால் பொய் சொல்லி வாங்குவார்கள். வீல்சேர் விஷயத்தில் அது நடக்கிறது என்ற புகார் எல்லா விமான நிலையங்களிலும் உண்டு. பொய்க்காரர் வாங்கும் ஒவ்வொரு சீட்டும் உண்மையான நோயாளியிடமிருந்து பறித்த சீட் என்பதால் இந்தக் கவலை எனக்கும் உண்டு. அதைத் தடுக்கும் வழி, கேட்பதைத் துல்லியமாக்குவதும் மருத்துவர் கையெழுத்தை வாங்குவதும்தான். 'வசதியான சீட்' என்று பொதுவாகக் கேட்கும்போது நோயாளியையும் ஏமாற்றுக்காரரையும் பிரித்தறிய முடியாது. 'வலது முழங்கால் 30 பாகைக்கு மேல் மடங்காது, சி சீட் வேண்டும்' என்று கேட்பவரைச் சரிபார்க்க முடியும்.

இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி, நடமாட்டம் குறைந்தவர் என்பதில் தற்காலிக உடற்குறையையும் முதுமையையும் சேர்த்தே சொல்கிறது. அதாவது ஊனச் சான்றிதழ் இல்லாத, மாவுக்கட்டுப் போட்ட இளைஞரும் அதில் வருவார். ஆனாலும் எந்த உடல்நிலைக்கு எந்த சீட் என்று அமெரிக்க விதிபோல விரித்துச் சொல்லும் துணிவு இங்கே வர வேண்டும். முடியாததல்ல: 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலேயே சீட் ஒதுக்க வேண்டும் என்று 2024-ல் இதே இயக்குநரகம் உத்தரவிட்டது. கட்டணம் வாங்கும் சீட் முறைக்குள்ளேயே அப்படி ஒரு விலக்கைக் கொண்டுவர முடிந்தது.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

பல மருத்துவக் கடிதங்கள் நோயின் பெயரோடு முடிந்துவிடுகின்றன. செக்-இன் கவுன்டரில் இருப்பவருக்கு அந்தப் பெயரால் பயனில்லை. மருத்துவர் எழுத வேண்டியது உடம்பால் முடியாத காரியத்தை: எத்தனை நேரம் தொடர்ந்து உட்காரலாம், எந்தக் கால் எவ்வளவு மடங்கும், எத்தனை முறை கழிவறை போக வேண்டும். அதனால் எந்தப் பக்கத்து ஓரம், சாயும் முதுகு வேண்டுமா, உயரும் கைப்பிடி வேண்டுமா என்பதையும் எழுத வேண்டும். நோயின் விவரம் முழுவதையும் கவுன்டரில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டிய சங்கடமும் இதனால் குறைகிறது. அறுவையோ மாவுக்கட்டோ ஆகி அதிக நாளாகவில்லை என்றால் நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தையும் நிரப்ப வேண்டியிருக்கும். அதில் ஒரு பகுதி பயணிக்கு, ஒரு பகுதி மருத்துவருக்கு. புது மாவுக்கட்டுக்குள் கால் வீங்கலாம் என்பதால் கட்டைப் பிளந்துவிடுவது பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்திய விமானங்களுக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். ஆனால் சீட்டுகள் அதற்கும் முன்பே விற்றுத் தீர்ந்துவிடலாம், டிக்கெட் போட்ட அன்றே கேட்பது மேல். போனில் சொன்னாலும், மின்னஞ்சலிலும் எழுதிப் பதில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி நேரத்தில் விமானத்தையே மாற்றி வேறொன்றை அனுப்பும்போது சீட் வரிசை குழம்பி, பதிந்த சீட் காணாமல் போவது அடிக்கடி நடக்கும். அந்த நேரத்தில் கவுன்டரில் நிற்கும் ஊழியர் கணினியில் தெரிவதைத்தான் பார்ப்பார். எழுத்துப் பதில் கையில் இருந்தால் மேலாளரைக் கேட்க முடியும். அமெரிக்காவிலிருந்து புறப்படும் விமானமானால், இத்தகைய புகார்களைத் தீர்ப்பதற்கென்றே ஓர் அதிகாரியை நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அவரோடு பேச வேண்டும் என்று கேட்கலாம். இந்தியாவில் 'ஏர்சேவா' தளத்தில் புகாரைப் பதியலாம். போகும் பயணத்துக்குக் கிடைத்த சீட் திரும்பி வரும் பயணத்துக்குத் தானாக வராது. அதற்கும் தனியே எழுத வேண்டும், இடையில் வேறு நிறுவனத்தின் விமானத்தில் மாறுவதாக இருந்தால் அவர்களுக்கும்.