சொல்லிவிட்டுப் போகும் டிஸ்க், சொல்லாமல் போகும் டிஸ்க்

லேப்டாப் ஹார்ட் டிஸ்க் சாகக் கிடந்தால் காதுக்கே தெரியும். ‘டிக்… டிக்… டிக்’ என்று சீராக அடித்துக்கொள்ளும். சென்னை ரிச்சி தெருவில் கடை வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் அத்துப்படி. திருப்புளியை எடுப்பதற்கு முன்பே, “பேக்கப் இருக்கா சார்?” என்பார்கள்.

என்னுடைய 500 ஜிபி டிஸ்க் ஒன்று அப்படித்தான் போனது. இனி தேறாது என்றான பிறகு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே முகம் பார்க்கலாம் போல் பளபளக்கும் வட்டத் தட்டு. அதன் மேல் நீளும் மெல்லிய கை, கையின் நுனியில் கடுகளவு ஹெட். தட்டில், நகத்தால் கீறியதுபோல் ஒரு வளையம். ஹெட் உரசிய தடம் அது.

உரசியிருக்கவே கூடாது. லேப்டாப் டிஸ்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. அதன் மேல் காந்தப் பூச்சு. நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் நொடிக்கு 90. இரண்டரை அங்குலத் தட்டின் விளிம்பு மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்தச் சுழற்சி இழுத்துவரும் காற்றுதான் ஹெட்டைத் தாங்குகிறது. தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்; நம் தலைமுடியின் தடிமனோ சுமார் 80,000 நானோமீட்டர். காற்று மெலிந்தால் ஹெட் தாழும் என்பதால், ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்துக்கு மேல் இயக்க வேண்டாம் என்று பல டிஸ்குகளின் விவரக் குறிப்பிலேயே இருக்கும். லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது!

டிஸ்கின் இடத்தைக் காட்டும் குறிகளை ஹெட்டால் படிக்க முடியாதபோது கை தொடக்கத்துக்குத் திரும்பி மறுபடி முயல்கிறது. நாம் கேட்கும் ‘டிக்’ அதுதான்.

1956-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்கில் 24 அங்குலத் தட்டுகள் 50. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். அது அறையில் அசையாமல் நின்றது. லேப்டாப் டிஸ்கின் தலையெழுத்து வேறு. மடியில், கட்டிலில், ஓடும் பேருந்தில் அது சுழன்றாக வேண்டும். ஓடும்போது புவியீர்ப்பைப்போல் 350, 400 மடங்கு அதிர்ச்சியைத் தாங்கும் டிஸ்க், ஹெட் ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டால் 1,000 மடங்குவரை தாங்கும். லேப்டாப்பை முழுதாக நிறுத்தாமல் பையில் திணிப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும். 2003-லேயே திங்க்பேட் லேப்டாப்பில் ஓர் உணரி வந்தது. லேப்டாப் கைநழுவுவதை உணர்ந்தால், தரையைத் தொடுமுன் அது ஹெட்டை ஒதுக்கிவிடும்.

இப்போது ஹார்ட் டிஸ்கின் இடத்தில் வரும் எஸ்எஸ்டியில் இந்த வம்பெல்லாம் இல்லை, அசையும் பாகமே கிடையாது. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோக்கா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம்தான் அதன் உயிர். நுண்ணிய அறைகளில் எலக்ட்ரான்களை அடைத்துவைக்கிறது. ஓர் அறையை டம்ளர் என்று வைத்துக்கொண்டால், டிஎல்சி வகையில் தண்ணீரின் அளவை எட்டுப் படியாகப் பிரித்துப் படிக்க வேண்டும். க்யூஎல்சியில் அதே டம்ளரில் பதினாறு படி. விலை குறைவது அதனால்தான், தேய்மானம் கூடுவதும் அதனால்தான். ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் டம்ளரின் சுவர் கொஞ்சம் நைந்துபோகிறது.

இதைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. தேவையில்லை. 500 ஜிபி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 300 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தருகிறார்கள். தினம் 30 ஜிபி எழுதினாலும் 27 வருடம் ஆகும். வீட்டு எஸ்எஸ்டி தேய்ந்து சாவது அபூர்வம். கன்ட்ரோலர் சிப்போ அதன் மென்பொருளோ ஒரு நாள் மக்கர் செய்யும். நேற்றுவரை ஓடியது, இன்று பயாஸில் பெயரே இருக்காது. சத்தமும் கிடையாது, முனகலும் கிடையாது.

ஹார்ட் டிஸ்க் எப்போதும் சொல்லிவிட்டுத்தான் போகும் என்றும் நம்பிவிடாதீர்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து கூகுள் 2007-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, செத்தவற்றில் 36 சதவீதத்துக்கு மேல், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ பதிவில் எந்த முன்னறிகுறியும் காட்டவில்லை. ஆனால் படிக்கும்போது முதல் பிழை தெரிந்துவிட்டால், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்ற டிஸ்குகளைவிட 39 மடங்கு. ஆகவே அந்தப் பதிவில் பிழைகளோ, பழுதான இடத்துக்குப் பதில் மாற்றிடம் ஒதுக்கியதைக் காட்டும் ‘ரீஅலகேட்டட் செக்டார்’ எண்ணிக்கையோ ஏற ஆரம்பித்தால் அன்றைக்கே நகல் எடுத்துவிட வேண்டும். பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம் என்று போட்டிருக்கும் ‘பத்து லட்சம் மணி நேரம்’ உங்கள் டிஸ்குக்கான ஜாதகம் அல்ல. கணக்குப்படி அது 114 வருடம்!

இன்னொன்று. மின்சாரம் காட்டாமல் அலமாரியில் வைத்தால் எஸ்எஸ்டியின் எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். எழுதும் ஆயுளை முடித்த ஒன்று 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தாக்குப்பிடித்தால் போதும் என்பதுதான் தொழில்துறையின் அளவுகோல். காந்தத் தட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாற்றப் போகிறீர்கள் என்றால், தயங்காமல் மாற்றுங்கள். கடைக்காரர் கழற்றும் ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கி அதில் போட்டு, மாதம் ஒருமுறை நகல் எடுக்க வைத்துக்கொள்ளுங்கள்.