விலக்கப்பட்டதை உண்ணாத வீட்டிலும் வலிப்பு வருவதேன்?

மங்கலம்பேட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸுப்ஹு தொழுதுவிட்டு வந்த இளைஞர் திண்ணையிலேயே சாய்கிறார். கண்கள் செருகுகின்றன, கைகால்கள் வெட்டி இழுக்கின்றன. இரண்டு நிமிடங்களில் வலிப்பு அடங்குகிறது. வீட்டாரின் கலக்கமோ அடங்குவதில்லை. கண்ணேறா, ஜின்னின் தீண்டலா, பரம்பரை நோயா என்று ஆளுக்கொரு காரணம் தேடுகின்றனர். ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், “நாடாப்புழு முட்டையால் மூளையில் உண்டான கட்டி” என்கிறார். “பன்றி இறைச்சியைத் தலைமுறை தலைமுறையாகத் தொடாத குடும்பமாயிற்றே!” என்று வீட்டுப் பெரியவர் வெகுண்டெழுகிறார்.

அவரது ஐயம் நியாயமானதே. ஆனால் இப்புழுவின் வாழ்க்கையில் இரு கட்டங்கள் உள்ளன என்பதை நீங்கள் அறிய வேண்டும். புழுக்கருக்கள் உள்ள பன்றி இறைச்சியைச் சரியாக வேகாமல் உண்பவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அவருடைய மலத்தில் வெளியேறும் முட்டைகள் மண்ணிலும் நீரிலும் காய்கறிகளிலும் கலக்கின்றன. கழுவாத கைகளிலும் ஒட்டிக்கொள்கின்றன. அம்முட்டைகளை விழுங்குபவர் எவராயினும் அவை மூளையைச் சென்றடையலாம். ஆகவே, பன்றி இறைச்சியை அறியாதவருக்கும் இந்நோய் வரக்கூடும்.

இதற்குச் சான்று உண்டு. நியூயார்க் நகரில் மார்க்கப் பற்றுள்ள யூதர்கள் நம்மைப் போலவே பன்றி இறைச்சியை விலக்கியவர்கள். அவர்களுள் நால்வருக்கு இந்நோய் கண்டதாக 1992-இல் மருத்துவ ஏடொன்றில் ஆய்வு வெளியாயிற்று. குடும்பத்தாரையும் பணியாளர்களையும் பரிசோதித்தபோது, ஒரு வீட்டுப் பணியாளரின் குடலில் நாடாப்புழு இருந்தது தெரிந்தது. இதைக் கொண்டு ஏழைப் பணியாளரைப் பழிப்பது தகாது. அவருக்கும் சிகிச்சை தேவை. வீட்டில் அனைவருக்கும் கழிப்பறையும் சோப்பும் தேவை.

நம் வேலூரிலும் இத்தகைய தேடல் நடந்தது. வலிப்பு நோயாளிகளின் ஸ்கேனில் தெரிந்த சிறு கட்டிகளைக் காசநோய்க் கட்டிகள் என்றே ஒரு காலத்தில் கருதினர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் அவற்றை எடுத்துச் சோதித்து, பலவும் புழுக்கட்டிகளே என்று 1989-இல் எடுத்துரைத்தனர். வேலூர் மாவட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடையே நடத்திய கணக்கெடுப்பில், வலிப்பு நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்புழுவே காரணமெனத் தெரிந்தது.

எனினும், எல்லா வலிப்பும் புழுவால் வருவதன்று. பிறக்கும்போது மூச்சுத் திணறல், தலைக்காயம், மூளைக்காய்ச்சல், பக்கவாதம், மது, மரபு எனக் காரணங்கள் பல. உலகில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காரணம் தெரிவதேயில்லை. காரணம் தெரியாவிடினும் மருந்து பலன் தரும். முறையாகச் சிகிச்சை பெற்றால் பத்தில் எழுவர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

காரணம் தேடும் குடும்பத்தார் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பு வந்த நேரம், நீடித்த நிமிடங்கள், எந்தப் பக்கம் முதலில் இழுத்தது, காய்ச்சல் இருந்ததா, உறக்கம் கெட்டதா, மாத்திரை தவறியதா என்று எழுதுங்கள். மருத்துவருக்கு அது பேருதவி. வலிப்பின்போது சாவிக்கொத்தைத் தேடாதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள்.

ரமளானில் நோன்புக்காகத் தாமாகவே மாத்திரையை நிறுத்தி வலிப்பை வரவழைத்துக்கொள்வோர் உண்டு. நோயாளி வேறு நாட்களில் நோற்க அல்லாஹ் சலுகை அளித்திருக்க, ஏன் இந்த விபரீதம்? முன்கூட்டியே மருத்துவரைக் கலந்து முடிவு செய்யுங்கள்.

பெண் பிள்ளையின் வலிப்பை மறைத்து நிக்காஹ் முடிப்பதும், தெரிந்தபின் அவளைத் தள்ளிவைப்பதும் பெரும் அநீதி. வலிப்பால் அவதியுற்ற பெண்மணி ஒருவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்யுமாறு வேண்டிய வரலாறு ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. பொறுமை கொண்டால் சுவனம் உண்டு என்று நபியவர்கள் நற்செய்தி கூறினார்கள். பொறுமையைத் தேர்ந்த அப்பெண்மணி, வலிப்பின்போது தம் ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யக் கோரினார். நபியவர்களும் அவ்வாறே பிரார்த்தித்தார்கள். பெருமானார் கண்ணியப்படுத்திய நோயாளியை இழிவாக எண்ண நாம் யார்? மருத்துவம் செய்யுமாறு ஏவியவர்களும் அவர்களே.

துஆவும் செய்வோம், மருந்தும் கொடுப்போம். நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.