படுக்கையருகே – 7: கடைசியாக எப்போது புரட்டினீர்கள்?

என் அப்பத்தா கடைசி நாலு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். வீட்டில் யாரும் கவனிக்காமல் இல்லை. காலையும் மாலையும் வெந்நீரில் துடைத்து, முதுகில் ஸ்பிரிட் தேய்த்து, பவுடர் போட்டு, பார்த்துப் பார்த்துத்தான் செய்தோம். அப்படியும் முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண் வைத்துவிட்டது. தெருவில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸம்மா வந்து பார்த்தார். அம்மா எடுத்து நீட்டிய மருந்து டப்பாக்களை அவர் வாங்கக்கூட இல்லை. "கடைசியா எப்பம்மா புரட்டிப் படுக்க வச்சீங்க?" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

அவர் கேட்ட கேள்விக்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

டோரீன் நார்ட்டன் இங்கிலாந்து நர்ஸ். படுக்கைப் புண் வந்தால் நர்ஸ் சரியாகக் கவனிக்கவில்லை என்று பழி போட்ட காலம் அது. அதற்குப் பயந்தே நர்ஸுகள் சோப்பு, ஸ்பிரிட், களிம்பு என்று எதையாவது தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தேய்த்தால் ரத்தம் ஓடும், தோல் உரமாகும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. அது மெய்தானா என்று நார்ட்டன் வார்டிலேயே சோதித்துப் பார்த்தார். ரோடா மெக்லாரன், முதியோர் மருத்துவர் எக்ஸ்டன்-ஸ்மித் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வு நூல் 1962-ல் வந்தது. எதைத் தேய்த்தாலும் பெரிய பலன் இல்லை. அடிக்கடி புரட்டிப் படுக்க வைத்தால் பலன் உண்டு என்று அது காட்டியது. யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே கணிக்க ஓர் அளவுகோலும் அதில் இருந்தது. உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், கை கால் அசைவு, மலஜலம் அடக்கும் திறன் ஆகிய ஐந்துக்கும் தலா நாலு மதிப்பெண். மொத்தம் 20. கூட்டிப் பார்த்து 14-ம் அதற்குக் கீழும் வந்தால் உஷாராகிவிட வேண்டும். நர்ஸின் அனுபவத்தில் பழகிய கண் சும்மா பார்த்தே சொன்னதை, நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணும் சொல்ல முடிந்தது.

எக்ஸ்டன்-ஸ்மித்தும் ஷெர்வினும் 1961-ல் செய்த இன்னோர் ஆய்வுதான் என்னை அதிகம் உலுக்கியது. முதியவர்கள் இரவில் தூக்கத்தில் எத்தனை தடவை அசைகிறார்கள் என்று கருவி வைத்து எண்ணினார்கள். ஐம்பது தடவைக்கு மேல் அசைந்தவர்களுக்குப் புண்ணே இல்லை. இருபதும் அதற்குக் கீழும் அசைந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வந்தது. தூக்கத்தில் நாம் புரளுவதை யார் நினைத்துப் பார்க்கிறோம்? எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தசை நசுங்கி ரத்தம் நிற்கும்போது, உடம்பு தானே திரும்பித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அப்பத்தாவின் உடம்பு அதை மறந்திருந்தது.

நர்ஸம்மா எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். வெளுத்துப் பிறகு சிவந்தால் பிழைத்தோம், வெளுக்காமலே இருந்தால் உள்ளே கெடத் தொடங்கிவிட்டது. நம் கறுத்த தோலில் சிவப்பு லேசில் தெரியாது, அதனால் தொட்டுச் சூட்டையும் இறுக்கத்தையும் பார்க்கச் சொன்னார். இழுக்கக் கூடாது, இடுப்புக்கு அடியில் குறுக்கே போட்ட துணியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். ஒருக்களித்த பிறகு முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணி எழுதி, இரண்டு மணிக்கொரு தடவை. ஐந்து பேர் முறை வைத்துக்கொண்டோம். அப்படியும் விடியற்காலை நாலு மணி முறை பல நாள் தவறியது.

ஒரு ஆளுக்கு ஐந்து பேர் இருந்த வீட்டின் கதை இது. வார்டில் என்ன செய்வார்கள்? களிம்பைத் தேய்க்க ஒரு கை போதும். புரட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும், அதுவும் ராத்திரி முழுக்க. நார்ட்டனின் முடிவை ஏற்றுக்கொண்டால் நர்ஸுகளின் எண்ணிக்கையைப் பேசாமல் இருக்க முடியாது.

அதைப் பேசியவர் அமெரிக்காவின் லிண்டா ஐக்கன். பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-ல் அவர் குழு வெளியிட்ட கணக்கு: ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏழு சதவீதம் கூடுகிறது. கலிஃபோர்னியா மாநிலம் 1999-லேயே நர்ஸ் எண்ணிக்கைக்குச் சட்டம் போட்டிருந்தது. 2004-ல் அது நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனை முதலாளிகள் அதை எதிர்த்ததையும், நர்ஸுகள் தெருவில் இறங்கியதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)